குளியலறையில் குரல் ஏன் இனிக்கிறது?

பிறர் முன்னிலையில் ஒரு வரி பாடக் கூசுகிறவரும் குளியலறைக் கதவைத் தாழிட்டவுடன் பாடகராகிவிடுகிறார். வெளியே வந்து அதே பாட்டைக் கூடத்தில் பாடினால் அந்த இனிமை இருப்பதில்லை. இது வீட்டுக்கு வீடு காணும் அனுபவம். இதன் காரணத்தை அறிவது சுவையானது. எமது காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோருக்கு அது பயனுள்ளதுமாகும்.

செவித்திறன் சோதனைக்குப் பரிந்துரைக்கும்போது, "காதில் குறையொன்றும் இல்லை, குளிக்கும்போது பாடினால் எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது" என்று சிலர் எம்மிடம் கூறுவதுண்டு. வீட்டாரின் வற்புறுத்தலால் அரைமனத்தோடு வந்தவர்கள் அவர்கள். துறைமுகத்திலோ, பட்டறையிலோ, விசைப்படகிலோ பல ஆண்டுகள் உழைத்தவர்கள். குளித்தபடி பாடுகையில் தம் குரல் நன்றாகக் கேட்கிறது என்று அவர்கள் சொல்வது உண்மை. அதனால் காது நலமாக இருக்கிறது என்று அவர்கள் கொள்ளும் முடிவு தவறு. இந்த இரண்டையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சுவர்கள் திருப்பித் தரும் குரல்

வாயிலிருந்து புறப்படும் ஒலி நேராக நம் செவியை அடைவதோடு நின்றுவிடுவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் அளவு, அது படும் பொருளைப் பொறுத்தது. மெத்தை, தலையணை, திரைச்சீலை, கொடியில் தொங்கும் துணிகள் ஆகியவை ஒலியை உறிஞ்சும். பீங்கான் ஓடும் பூசிய சிமெண்டும் கருங்கல்லும் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பும். வழவழப்பான ஓடு பதித்த சுவர், தன் மேல் விழும் ஒலி ஆற்றலில் நூற்றில் இரண்டு பங்கு அளவையே விழுங்குகிறது.

துணியும் மெத்தையும் ஒலியை எந்த அளவுக்கு உறிஞ்சுகின்றன என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் வாலஸ் சபைன். அங்கிருந்த ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சொலி அடங்காமல் முழங்கியதால், பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. 1895-ஆம் ஆண்டு அதற்குக் காரணம் காணும் பொறுப்பு சபைனிடம் வந்தது. அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தால் அளந்தார். மெத்தைகள் கூடக் கூட முழக்கம் குறைந்தது. அவ்வாறு அவர் கண்ட கணக்கு இன்றும் கூடங்களைக் கட்டுவோருக்கு அடிப்படையாக உள்ளது. ஓர் அறையின் கொள்ளளவு மிகுந்தால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் அது குறுகும்.

இக்கணக்கை நம் வீட்டுக் குளியலறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஐந்தடி நீளம், நான்கடி அகலம், எட்டடி உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4.5 கன மீட்டர். மெத்தையும் துணிக்குவியலும் அங்கு இல்லை. ஒலியை உறிஞ்சுபவை பெரும்பாலும் கதவும் குளிப்பவரின் உடலும்தாம். கணக்கிட்டால், ஒலி 60 டெசிபல் அளவு குறைந்து அடங்குவதற்கு அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். இத்தனை சிறிய அறைக்கு இது மிகுதி. கட்டிலும் மெத்தையும் அலமாரித் துணிகளும் நிறைந்த படுக்கையறையில் ஒலி இதைவிட விரைவில் அடங்கிவிடும்.

இது எதிரொலி அன்று. எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால், புறப்பட்ட ஒலிக்கும் திரும்பிய ஒலிக்கும் இடையே ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி இடைவெளி வேண்டும். அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். குளியலறைச் சுவரோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அங்கிருந்து ஒலி நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் திரும்பிவிடுகிறது. அதனால் அது தனி ஒலியாகத் தோன்றாமல் நம் குரலோடு கலந்து, அதை நீட்டித் தடிப்பாக்குகிறது. இதனை எதிர்முழக்கம் என்கிறோம். ஒரு சுரம் மறையுமுன் அடுத்த சுரம் அதன் மேல் வந்து அமர்கிறது. மூச்சு அறுபடும் இடமும், சுருதி சற்றே விலகும் இடமும், தாவலின் பிசிறும் இந்த முழக்கத்தில் மறைந்துவிடுகின்றன.

இப்பகுதி மக்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. திருவொற்றியூர்த் தியாகராச சுவாமி கோயிலின் கருவறை முதலாம் ராஜேந்திர சோழர் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. அத்தலத்து அம்மன் மீது தியாகராஜ சுவாமிகள் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப் போற்றப்படுகின்றன. கல் மண்டபத்தில் நின்று பாடுவோர், தம் குரலைக் கல் தாங்கிப் பிடிப்பதை உணர்வர். ராயபுரத்துக்குப் பெயர் தந்த ராயப்பரின் ஆலயத்தில் பாடும் பாடற்குழுவினரும், உயர்ந்த கூரையிலிருந்து தம் குரல் இறங்கிவருவதை அறிவர். கோயிலும் தேவாலயமும் பெரிய அளவில் செய்வதை, ஓடு பதித்த நான்கு சுவர்கள் சிறிய அளவில் செய்கின்றன.

சிற்றறையின் சொந்தச் சுருதி

குளியலறையில் மற்றொரு வினையும் நிகழ்கிறது. காலிக் குடத்தின் வாயருகே முணுமுணுத்தால், ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் குடம் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. அதுபோல இரு சுவர்களுக்கு இடையே அடைபட்ட காற்றுக்கும் சொந்தச் சுருதிகள் உண்டு. நம் குரல் அச்சுருதியைத் தொடும்போது, சுவர்களுக்கிடையே சென்று திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வலுப்பெறுகின்றன. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

சென்னையின் வெப்பநிலையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. ஐந்தடி இடைவெளி கொண்ட சுவர்கள் ஏறத்தாழ 115 ஹெர்ட்ஸிலும், நான்கடி இடைவெளி கொண்டவை ஏறத்தாழ 143 ஹெர்ட்ஸிலும் முதலில் ஒத்ததிரும். அவற்றின் இரு மடங்கான 230, 286 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்வு உண்டு. ஆண்களின் பேச்சுக் குரல் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்களின் குரல் 180 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலும் அமைகிறது. ஆகவே நம் குரலின் அடித்தளம் எங்கு உள்ளதோ, அங்கேயே அந்த அறை தோள் கொடுக்கிறது. மெலிந்த குரலும் அங்கே கனத்த குரலாகிறது. பெரிய கூடத்தின் ஒத்ததிர்வுகள் நெருங்கி அமைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். சிற்றறையில் அவை தனித்தனியே நிற்பதால், சில சுரங்கள் மட்டும் தூக்கலாக எழுகின்றன. குளியலறையில் பாடுவோர் தம்மையறியாமல் அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்து நீட்டுவது இதனால்தான்.

கூரைக்குக் கீழே இடைவெளி விட்ட தகரத் தடுப்பிலும், மேலே திறந்த முற்றத்துக் குளியலிடத்திலும் இந்த இனிமை குறைவாக இருக்கும். ஒலி வெளியேற வழி கிடைத்துவிடுவதே காரணம்.

நம் குரல் நம்மிடம் வரும் இரு வழிகள்

பிறர் குரல் காற்றின் வழியே நம் செவிப்பறையை அடைகிறது. நம் குரல் காற்றின் வழியே வருவதோடு, தாடையெலும்பு, மண்டையெலும்பு ஆகியவற்றின் வழியே நேராக உட்செவிக்கும் செல்கிறது. உட்செவியின் இயக்கத்தை ஆராய்ந்து 1961-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஃபான் பெக்கேசி, இவ்விரு வழிகளும் ஏறத்தாழச் சமமான பங்கு வகிக்கின்றன என்று கண்டார். எலும்பு வழி கனத்த ஒலிகளை நன்கு கடத்துகிறது. வாட்ஸ்அப்பில் நாம் பதிவு செய்த குரலைக் கேட்கையில் அது நம் குரல்தானா என்ற ஐயம் எழுவது, பதிவில் எலும்பு வழிப் பங்கு இல்லாததால்தான். மெலிந்து கேட்கும் அக்குரலையே பிறர் நாள்தோறும் கேட்கின்றனர்.

குளியலறையில் இவ்விரு வழிகளோடு சுவர்கள் திருப்பித் தரும் ஒலியும் சேர்கிறது. தன் குரல் தனக்குக் கூடுதலாகக் கேட்கும்போது மனிதர் குரலைத் தாழ்த்திக்கொள்வது இயல்பு. கேட்காதபோது உயர்த்துவதும் இயல்பு. இரைச்சலில் குரல் தானாக உயர்வதை 1911-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் எடுத்துரைத்தார். ஆகவே குளியலறையில் நாம் தொண்டையை இறுக்காமல், கத்தாமல் பாடுகிறோம். இறுக்கம் தளர்ந்த குரல்நாண்கள் சீராக அதிர்கின்றன. அப்போது எழும் குரல் ஓரளவு உண்மையாகவே மேம்பட்டதுதான்.

வெதுவெதுப்பான ஈரக்காற்றும் தொண்டைக்கு இதமளிக்கிறது. ஆயினும் ஈரப்பதத்தால் ஒலியே மாறிவிடுகிறது என்று கருத வேண்டியதில்லை. காற்று முழுவதும் ஈரம் நிறைந்தாலும் ஒலியின் வேகம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடுகிறது. குழாயிலிருந்து வாளியில் விழும் நீரின் ஓசை, குரலின் சிறு குறைகளை மூடிவிடுகிறது. கேட்பவர் எவரும் இல்லை என்ற துணிவு எஞ்சியதைச் செய்கிறது.

இரைச்சலில் உழைக்கும் காது

இனி இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், பாய்லர் அறைகள், இரும்பு உலைக்கூடங்கள், கிரைண்டிங் பட்டறைகள், காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளின் இயந்திர அறைகள் என்று வட சென்னையின் உழைப்பில் பெரும்பங்கு இரைச்சலின் நடுவே நடைபெறுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைத்துள்ளன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70. இயந்திரத்தின் அருகே நிற்பவரின் காதில் விழுவதோ இவற்றைவிட மிக அதிகம்.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் ஒலியில் இருப்பதே காதுக்குத் தீங்கின் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி. 91-இல் 2 மணி. 94-இல் ஒரு மணி மட்டுமே. அளவிடும் கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அவ்விடத்தின் ஒலி காதுக்கு ஆபத்தானது என்று கொள்ளலாம்.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் சைகையாக மாற்றுபவை அவையே. அளவுக்கு மீறிய ஒலி அவற்றைச் சோர்வடையச் செய்கிறது. வேலை முடிந்து வரும்போது காது அடைத்தாற்போலவும் ரீங்காரம் இடுவதுபோலவும் இருப்பது அச்சோர்வின் அடையாளம். ஓய்வு கிடைத்தால் தொடக்கத்தில் அது மீள்கிறது. நாள்தோறும் தொடர்ந்தால் அணுக்கள் மடிகின்றன. மடிந்த மயிரணு மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. இதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லை, தடுப்பதே வழி.

குளியலறை ஏன் நல்ல சாட்சி அன்று?

இரைச்சலால் நேரும் இழப்பு எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. முதலில் பழுதடைவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான கூரிய ஒலிகளைக் கேட்கும் திறன். குறிப்பாக 4000 ஹெர்ட்ஸ் அளவில். கனத்த ஒலிகள் பல ஆண்டுகள் வரை நன்றாகவே கேட்கும்.

முன்பு கண்ட கணக்கை இங்கு நினைவுகூர வேண்டுகிறோம். குளியலறை தூக்கிக் கொடுப்பது 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. எலும்பு வழியே உட்செவிக்கு வருவதிலும் கனத்த ஒலிகளே மிகுதி. அதாவது, பழுதடைந்த காதிலும் எந்தப் பகுதி நலமாக எஞ்சியிருக்கிறதோ, அந்தப் பகுதிக்கே குளியலறை விருந்து வைக்கிறது. பழுதடைந்த பகுதியை அது தொடுவதேயில்லை. மேலும், பாடுகிறவருக்குப் பாட்டின் சொற்கள் முன்பே மனப்பாடம். காது தவறவிட்ட எழுத்தை நினைவு நிரப்பிவிடுகிறது. ஆகவே குளியலறையில் நம் பாட்டு நமக்கு நன்றாகக் கேட்பது, காது நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

இழப்பு முதலில் வெளிப்படுவது பிறர் பேச்சில். உயிரொலிகள் கனத்தவை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்திக் காட்டும் கூறுகள் கூரியவை, அவை நழுவும். கடை, தடை, படை, சடை ஆகிய நான்கு சொற்களும் முதல் மெய்யொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. அது நழுவினால் நான்கும் ஒன்றாகிவிடும். "பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை" என்று ஒருவர் கூறுவாரானால், அதனைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தைகளின் மெல்லிய குரலும், தொலைபேசிப் பேச்சும், பலர் கூடிப் பேசும் இடமுமே இவர்களுக்கு முதலில் கடினமாகும். பேரப்பிள்ளை சொல்வது புரியாமல் தாத்தா சிரித்துத் தலையசைக்கத் தொடங்குவது, பல குடும்பங்களில் முதல் அறிகுறி. பிறகு அவர் பேச்சையே தவிர்த்து ஒதுங்குகிறார். வீட்டார் அதனைக் கோபம் என்றோ முதுமை என்றோ எண்ணிக்கொள்கின்றனர்.

உண்மையான சோதனை, ஒலி புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியையும் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே கேட்கச் செய்து அளப்பது. ஊசியோ வலியோ இல்லை. எதிர்முழக்கம் சிறிதும் இல்லாத அந்த அறை, குளியலறைக்கு நேர் எதிரானது. சோதனைக்கு முந்தைய இரவு இரைச்சலான வேலைக்குச் செல்லாமல் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வருவது நல்லது. தற்காலிகச் சோர்வு நிரந்தர இழப்புபோலத் தோன்றுவதை அது தவிர்க்கும்.

இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் அதனைத் தொழில்நோயாக ஏற்றிருந்தது. ஆகவே எத்தனை ஆண்டுகள், எந்த இயந்திரத்தின் அருகே பணி செய்தீர்கள் என்ற விவரத்தை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள்; சோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். விசைப்படகு ஓட்டுநர்களும் சிறு பட்டறைகளில் உழைப்பவர்களும் தாமே முன்வந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்வது நலம். காதடைப்பான் அணிந்தால் எச்சரிக்கை ஒலி கேட்காது என்ற அச்சம் பலருக்கு உண்டு. பொருத்தமான காதடைப்பான் ஒலியை முற்றிலும் மறைப்பதில்லை. காதுக்குத் தீங்கற்ற அளவுக்குத் தாழ்த்துகிறது. பஞ்சை உருட்டி வைப்பது அதற்கு ஈடாகாது.

எங்கும் குளியலறைபோல் முழங்கினால்

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு சோதனையைக் கூறுகிறோம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று மெல்ல முரலுங்கள். இப்போது ஒரு காதை மட்டும் விரலால் மூடுங்கள். முரலும் ஒலி மூடிய காதுப் பக்கம் ஓடிச்சென்று பெரிதாக முழங்கும். எலும்பு வழியே காதுக்குழாய்க்குள் வந்த கனத்த ஒலி, வெளியேற வழியின்றி அங்கேயே தங்குவதே காரணம்.

விரலால் மூடாமலே இவ்வாறு கேட்டால் அது ஓர் அறிகுறி. பேசும்போது தன் குரல் ஒரு காதில் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கினால், அக்காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம். உடல் எடை விரைவாகக் குறைந்தவர்களுக்கு, மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்தே நிற்பதாலும் இவ்வாறு நேரும். இவற்றுள் பலவும் எளிதில் தீர்க்கத்தக்கவை. கொண்டை ஊசியையும் தீக்குச்சியையும் காதுக்குள் விட வேண்டாம். காய்ச்சிய எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

காது கேட்கும் கருவியைப் புதிதாக அணிவோரும், "என் குரலே எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளது" என்று கூறிக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். காதுக்குழாயைக் கருவி அடைப்பதே காரணம். காதச்சில் காற்றுத் துளையைச் சற்றுப் பெரிதாக்கியோ கருவியின் அமைப்பை மாற்றியோ இதனைக் குறைக்கலாம். அலமாரியில் வைத்துப் பூட்டுமுன் எம்மிடம் ஒருமுறை கொண்டுவாருங்கள். குளிக்கும்போது கருவியைக் கழற்றிவைக்க மறவாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயில் வைத்துக்கொண்டு குளிப்பது அவசியம்.

குரல் மாறினால்

குளியலறை தொண்டையின் குறையையும் மறைக்கக்கூடும். அங்கே கரகரப்பு முழக்கத்தில் கரைந்துவிடுவதால், "பாடினால் சரியாகத்தான் உள்ளது" என்று நாட்களைக் கடத்துவோர் உண்டு. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். புகை பிடிப்போரும் புகையிலை மெல்லுவோரும் அதுவரையும் காத்திருக்க வேண்டாம். விழுங்குவதில் வலி, உமிழ்நீரில் இரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சுவிடுகையில் ஓசை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் உடனே வர வேண்டும். குரல்வளைப் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. குரல்நாணில் தோன்றுவது தொடக்கத்திலேயே குரலை மாற்றிவிடுகிறது. உடல் தரும் அந்த முன்னறிவிப்பை வீணாக்கலாகாது.

திடீரென்று ஒரு காது கேட்காமற்போனால், அழுக்கு என்று எண்ணி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அன்றே, அல்லது மறுநாளே மருத்துவரை அணுகுங்கள். நரம்பு சார்ந்த இழப்பாயின் நாள் கடக்கக் கடக்க மீளும் வாய்ப்பு குறையும்.

குடும்பத்தினருக்கு

குளியலறைப் பாட்டைக் கேலி செய்து நிறுத்திவிடாதீர்கள். உரத்துப் பேசிப் பழுதுபட்ட தொண்டைக்கு, இறுக்கமின்றி மெல்லப் பாடும் அந்தச் சில நிமிடங்கள் நல்ல பயிற்சியாகும். பட்டறையிலும் மீன் ஏலக் கூடத்திலும் வகுப்பறையிலும் நாள் முழுவதும் குரலை உயர்த்திப் பேசுவோர், தம் இயல்பான குரல் எது என்பதையே மறந்துவிடுகின்றனர். சுவர்கள் குரலைத் திருப்பித் தரும் இடத்தில் மென்மையாகப் பேசினாலும் கேட்கிறது என்பதை அவர்கள் அங்கே உணரலாம். அந்த மென்மையை நினைவில் கொண்டு வெளியிலும் பேச முயலட்டும். தொண்டை அறுவை சிகிச்சைக்குப்பின் குரல் ஓய்வில் இருப்போர் மட்டும், மருத்துவர் அனுமதிக்கும் நாள்வரை அங்கும் பாடலாகாது.

முதியவரும், நோயிலிருந்து தேறிவருபவரும் குளிக்கச் செல்கையில் கதவை உட்புறம் தாழிடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் பாடிக்கொண்டோ முரன்றுகொண்டோ குளிப்பது வெளியே இருப்பவர்க்கு ஒரு துணை. பாட்டு கேட்கும் வரை அவர் நலமாக இருக்கிறார். திடீரென்று நின்றால் பெயர் சொல்லி அழையுங்கள். விடை வராவிட்டால் உள்ளே செல்லுங்கள்.

வீட்டில் ஒருவரது செவித்திறன் மீது ஐயம் எழுந்தால், அவருக்குப் பின்னால் இரண்டு மூன்றடி தள்ளி நின்று, கூடத்தில், மெல்லிய குரலில், அவர் எதிர்பாராத சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். கடை, தடை, படை, சடை ஆகியவற்றையே வரிசை மாற்றிக் கூறலாம். தடுமாறினால் சோதனைக்கு அழைத்து வாருங்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும், இரைச்சலில் உழைப்பவராயின் ஆண்டுச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

குளியலறையில் மனம் விரும்பியவாறு பாடுங்கள். வெளியே வந்தபின் பிறர் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பாடுகிறவரின் காது அப்பாட்டைக் கேட்பது போலவே, அவர் பேரப்பிள்ளையின் கதையையும் முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.